எழுநூற்று அறுபது

படுக்கையறைக் கம்பளத்தில்
நாடா ஒட்டிச் சதுரம் போட்டோம்.
எழுநூற்று அறுபது மில்லிமீட்டர், நாலு பக்கமும்.
புது ஷவர் இதற்குள்தான்.

பழைய தொட்டியின் விளிம்பு
முழங்கால் உயரம். போன தையில்
யோகேந்திரன் ஒரு காலை உள்ளே வைத்தவர்
மற்றக் காலை மறந்துபோனார்.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
தட்டின் உயரம் பற்றித்தான் கதைக்கிறோம்:
நாற்பது மில்லிமீட்டரா, இருபத்தைந்தா.

"நின்று பாருங்கோ" என்றேன்.
கம்பளிச் சட்டையோடு உள்ளே நின்று
கண்ணை இறுக மூடி
இல்லாத ஷாம்புவைத் தலையில் தேய்த்தார்.
முழங்கை அலுமாரியில் இடித்தது.
"சுவர்" என்றேன்.
"கண்ணாடி" என்றார்.
கொவன்ட்ரியில் அன்று முழுக்க மழை,
வேண்டிய அளவு அழுத்தத்தோடு.

பிளம்பர் டாரெக் தரைப்பலகையைத் தூக்கி
டார்ச் அடித்தார்.
மரச்சட்டம் குறுக்கே ஓடுகிறதாம்,
கழிவுக்குழாய்க்குச் சரிவு போதாதாம்.
நாற்பதுதான்.
பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து,
கைப்பிடி எந்த உயரத்தில் என்று கேட்டார்.
ஒரே நேரத்தில் இரண்டு பேரும்
காற்றைப் பிடித்தோம்.
என் கை ஒரு சாண் கீழே.
டாரெக் சுவரில் இரண்டு கோடு போட்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல்வரை அவருக்கு நாள் இல்லை.
நாடா இன்னும் கம்பளத்தில்.
இரவு மாத்திரை எடுக்கப் போகையில்
யோகேந்திரன் சதுரத்தைச் சுற்றித்தான் போவார்.
நேற்று மட்டும்
கதவு வரவேண்டிய பக்கம் நின்று,
கை நீட்டி, திறந்து,
நாற்பதுக்கும் கொஞ்சம் மேலே
ஒரு காலைத் தூக்கி வைத்தார்.
பிறகு
மற்றதை.