பிரேக் போட்டிருந்தால் மட்டும்

டெல்மர் படிக்கிறார், நான் தலைகீழாகக் கிடக்கிறேன்
ஸ்டியரிங்குக்கு அடியில், பிரேக் பெடலில் பிடரியை வைத்து,
வாயில் டார்ச்.
"இளஞ்சிவப்பு, அதில் ஒரு கறுப்புக் கோடு" என்கிறார்.
இங்கே இளஞ்சிவப்பு மூன்று.
கோடு போட்டவை இரண்டு.
பதினாறு வருஷத் தூசியில் எல்லாமே பழுப்பு.

வெளியே கிரேட் ஃபால்ஸ். மைனஸ் பத்தொன்பது.
கடை மூடிய பிறகும் எரியும் கடை விளக்குகள்,
ஒரு மாட்டு லாரி, காலியாக,
அப்புறம் நாங்கள்:
முப்பத்தெட்டு அடி நீள வீடு, ஆறு சக்கரம்.

ஜெனெல் ஞாயிறு என்றாள். நாங்கள் வெள்ளிக்கே வந்துவிட்டோம்.
ஹாவ்ரேக்கு இன்னும் நூற்றுப் பத்து மைல்தான்.
முன்கூட்டியே வராதீர்கள் என்று அவள் சொல்லவில்லை.
ஞாயிறு என்பதை மட்டும்
இரண்டு தடவை சொன்னாள்.

எங்கள் என்ஜின் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.
ராத்திரி முழுக்க அறுநூற்று ஐம்பது சுற்றில்
அரைத் தூக்கத்தில் முனகிற்று.
அந்தக் குளிரில், அந்த வேகத்தில்
டீசல் பாதி எரியும், பாதி வெள்ளைப் புகையாகப் போகும்;
தலையணை உறையில் அந்த வாடை.
நாலு பாட்டரிக்கு அது கொடுத்த மின்சாரம்
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
மூன்று மணிக்கு ஹீட்டர் விசிறியின் குரல் இறங்கியது,
நாலு மணிக்கு இன்னும் ஒரு படி.
நான் கண்ணை மூடிக்கொண்டு வோல்டேஜ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிளெண்டைவில் பள்ளிப் பேருந்துக் கொட்டகையில்
இருபத்திரண்டு வருஷம் இந்த வேலைதான் எனக்கு.
டெல்மர் முடிவெட்டுகிறவர்.
எண்களை நிதானமாக, மரியாதையாகப் படிப்பார்,
எதிரில் யாரோ கண்ணாடி பார்த்து உட்கார்ந்திருப்பது போல.

சோதனை விளக்கை வைத்தேன். இரண்டாவது கோடு.
தோலை உரித்து, முறுக்கி, இடுக்கியில் நசுக்கி,
மேலே சுருங்கும் குழாயை மாட்டி, லைட்டரைக் கேட்டேன்.
லைட்டர் இல்லை.
அவர் சிகரெட்டை விட்டு ஒன்பது வருஷம்.
அடுப்புக்கு வைத்திருந்த தீக்குச்சிகள்,
ஐந்து வீணாயின.

சுவிட்சுக்குத் துளை போட வேண்டியிருக்கவில்லை.
டாஷ்போர்டில் சிகரெட் பற்றவைக்கும் குமிழ் இருந்த ஓட்டை,
மூடியில்லாமல், சும்மாவே கிடந்தது.
கொஞ்சம் பெரிசு. ரப்பர் வளையம் வைத்துச் சரிக்கட்டினேன்.
"அங்கேயா?" என்றார்.
"அங்கேதான்."

என்ஜினைப் போட்டார். சுவிட்சைத் தட்டினார்.
அறுநூற்று ஐம்பது.
திரும்பத் தட்டினார்.
அறுநூற்று ஐம்பது.
நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், பெடல்களிடம்.
புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
அடியில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார்:
பார்க்கிங் பிரேக் போட்டிருந்தால் மட்டும் வேலை செய்யும்.

இருவரும் அந்த மஞ்சள் குமிழைப் பார்த்தோம்.
உள்ளே தள்ளியபடி இருந்தது.

நேற்று ராத்திரி கம்பத்து விளக்கு கண்ணில் குத்துகிறது என்று
பத்தடி பின்னால் நகர்த்தினாரே, அப்போதிருந்து.
பதினோரு மணி நேரம்
அடுப்பில் சூப்பு, கட்டிலில் நாங்கள்,
சண்டை ஒன்று, சமாதானம் பாதி,
எல்லாமே பிரேக் போடாத வண்டியில்.
டயரில் உறைந்த பனிதான் பிடித்து வைத்திருக்கிறது.

அவர் எதுவும் சொல்லாமல் இழுத்தார்.
புஸ்ஸென்று காற்று.
கட்டை விரலால் சுவிட்சை மேலே தள்ளினார்.

முள் யோசித்தது. எண்ணூறு. தொள்ளாயிரம்.
ஆயிரத்து நூறில் போய் உட்கார்ந்துகொண்டது.
பின்னால் கட்டிலுக்கடியில் முனகல் நின்று
பேச்சாயிற்று.
பன்னிரண்டு புள்ளி ஒன்று, பதின்மூன்று புள்ளி எட்டு.
ஹீட்டர் விசிறிக்குத் தன் பழைய குரல் கிடைத்தது;
கொஞ்சம் கழித்து, வெளியே
புகையின் வெள்ளையும் கலைந்தது.

"இப்படியே ஞாயிறு வரைக்கும் ஓடுமா?" என்றார்.
டீசல் முள்ளைப் பார்த்தேன். முக்கால்.
"ஓடும். எழுந்திருக்கக் கை கொடு."
கொடுத்தார். மற்றக் கை இன்னும்
அந்த ஓட்டையின் மேலேயே இருந்தது,
பழக்கத்தில்.