அப்படியே இருக்கு

ஆறாவது கீமோவுக்கு முந்தைய செவ்வாய்.
டோக்கன் நாற்பத்தேழு.
இடது கையில் நரம்பு ஒளிந்துகொள்கிறது.
ஜெசிந்தா சிஸ்டர் புறங்கையைத் தட்டித் தட்டி
"வா கண்ணு, வா" என்கிறாள்
என்னை அல்ல, அதை.

எடை ஐம்பத்தொன்று, செருப்போடு.
கழற்றச் சொல்லவில்லை.
நானும் கழற்றவில்லை.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து
"அப்படியே இருக்கு" என்றார்.

வியாசர்பாடி சுரங்கப்பாதைத் தண்ணீர்,
இரண்டு வருஷமாய் பி.எஃப். மனு,
மாடிவீட்டு மோட்டார் தகராறு
எல்லாவற்றுக்கும்
பல்லைக் கடித்துக்கொண்டு நான் சொன்ன அதே சொல்.

வாசலிலிருந்து அக்காவுக்கு போன் போட்டேன்.
"அப்படியே இருக்காம்க்கா."
"முருகா" என்றாள். அப்புறம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

29சி. ஜன்னலோரம் இடம்.
பெரம்பூர் வரை
பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே வந்தேன்,
ரத்தம் எப்போதோ நின்றிருந்தும்.