நீரைச் சேர்க்காத கணக்கு

செந்தாந்த்ரே சர்க்கரை ஆலையில் இரவு இரண்டேகால்.
சுண்ணாம்புப் பால் ஏற்றும் பம்பு
நாற்பது நிமிடம் நின்றுபோயிருந்தது.
அவ்வளவு நேரமும் தொட்டிக்குள் கரும்புச்சாறு
தன் சூட்டில், தன் புளிப்பில் கிடந்தது.

தெளியவைத்து, வடித்து, போலாரிமீட்டரில் பார்க்கிறேன்.
வலப்பக்கம் திரும்பவேண்டிய அளவுக்கு
ஒளி திரும்பவில்லை.
சர்க்கரை உடைந்திருக்கிறது.
உடைந்தது இனிக்கும்,
மூட்டைக்கு வராது.

பத்து நிமிடத்துக்கொரு மாதிரி எடுத்து
மடக்கை கண்டு புள்ளி வைத்தால்
கீழே இறங்கும் ஒரு நேர்கோடு.
முதல்வகை வினை.
சர்க்கரை எவ்வளவோ வேகமும் அவ்வளவு,
வேறு யாரையும் விசாரிக்கவேண்டாம் என்கிறது கோடு.
தானே உடைந்ததாம்.

கோடு பார்த்ததைத்தான் சொல்கிறது. பார்த்தது பாதி.
உடைய இரண்டு பேர் வேண்டும்:
ஒரு சர்க்கரை, ஒரு நீர்.
நீர் தொட்டி முழுக்க இருக்கிறது,
ஒன்று செலவானால் யாருக்குத் தெரியும்?
அதனால் கணக்கில் அதற்கு இடமில்லை.

மூன்று பேர் ஒரே கணத்தில் மோதுவதோ
அநேகமாக நடப்பதில்லை.
புயல் ஓய்ந்த மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில்கூட
முதலில் இரண்டு முழங்கைதான் இடிக்கும்,
மூன்றாவது பிறகு வந்து சேரும்.

நஷ்டப் படிவத்தில்
'காரணமானவர்' என்று ஒரே ஒரு கட்டம்.
"மர்தாய் பெயரைப் போடுங்கள்,
பம்பு அவன் பொறுப்பு" என்கிறார் ஷிஃப்ட் மேலாளர்.
ழான்-நோயல் மர்தாய் வாசலில் நிற்கிறான்,
கையுறையைக் கழற்றாமல்.

வால்வு தேய்ந்துவிட்டது என்று
மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தான்.
அந்தத் தாள் என் இழுப்பறையில்,
என் கையெழுத்துக்காக,
காபிக் கறையோடு.

என் குடும்பப்பெயர் சுக்ரமானியேன்.
கப்பலிலிருந்து இறங்கியபோது அது சுப்ரமணியன்.
எழுதும்போது 'சுக்ர்' உள்ளே புகுந்துவிட்டது.
இந்த ஊரில் சர்க்கரைக்கு ஏறக்குறைய அதுதான் சத்தம்.
காலப்போக்கில் திரிந்தது என்பார்கள் வீட்டில்.
ஒரு வாயும் ஒரு காதும் மோதாமல்
எந்தப் பெயர் திரிந்தது?

மர்தாய் என்று எழுதுகிறேன்.
பக்கத்தில் என் பெயரையும்.
கட்டம் சின்னது. என் பெயரின் வால்
கோட்டைத் தாண்டி
'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' மேல் ஏறி நிற்கிறது.

மேலாளர் கண்ணாடியைத் துடைக்கிறார்.
மணி இரண்டு ஐம்பத்தைந்து.
அடுத்த மாதிரி எடுக்கவேண்டும்.