முப்பத்தேழாவது

மணற்காட்டில் துருவ வெள்ளி மிகத் தாழ்வு.
கையை நீட்டிப் பொத்திப் பிடித்தால்
கடலுக்கு மேல் ஒரு முட்டி உயரம்.
சவுக்குக் கிளை அசைந்தால் அதுவும் இல்லை.
அதைப் பிடித்துத்தான் முக்காலியை நேர்ப்படுத்த வேண்டும்.
மணலில் கால் புதைகிறது.
மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து
அவற்றின் மேல் நிறுத்தினேன்.

வடக்கில் குறைந்ததைத் தெற்கு தருகிறது:
ஒமேகா சென்டாரி.
இலட்சக்கணக்கான சூரியன்கள்,
கறுப்புத் துணியில் ஊதிவிட்ட அரிசிமா.
வைகாசி அமாவாசைக்கு முந்தின இரவு,
சோளகம் இன்னும் எழும்பவில்லை.
அறுபது படம். படத்துக்கு ஒரு நிமிடம்.

பத்தரைக்குத் தொடங்கியிருக்கலாம்.
அதற்குள் அவை
பூமியின் நிழலுக்குள் போய்விடும், தெரியும்.
ஆனால் ஒன்பதரை தாண்டினால் அம்மா போன் எடுப்பா.
எனக்கு முப்பத்து நாலு வயது.
ஏழே முக்காலுக்கே தொடங்கினேன்.

முதலாவது வந்தது, சத்தமில்லாமல், மேற்கிலிருந்து.
பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.
இந்த வானத்தில் அசையும் வெளிச்சத்துக்கு
ஒருகாலம் வேறு வேலை இருந்தது.
இப்போதும் முதல் கோட்டுக்கு
என் முதுகு அரை அங்குலம் தானாகக் குனியும்.
பிறகுதான் நான் எண்ணத் தொடங்குவேன்.

அறுபதில் நாற்பத்தொன்றில் கோடு.
மேசன் சுண்டிவிட்ட சுண்ணக்கயிறு மாதிரி,
என் கொத்துக்குக் குறுக்கே,
யாரோ அங்கே சுவர் கட்டப்போகிற மாதிரி.

படகை ஏற்ற வந்த றெஜினோல்ட் அண்ணை
ரோச்சை என் பக்கம் திருப்பினார்.
"என்ன பிள்ளை, ஏதும் பட்டுதோ?"
இருபத்திரண்டாவது படம் அதோடு போச்சு.
கோட்டைக் காட்டினேன்.
"உதை ஏன் அழிக்கிறாய்?
உது இல்லாட்டி நான் வலை விட்ட இடத்தை
ஆர் எனக்குச் சொல்லுவான்?"
பொலித்தீன் பைக்குள் சுற்றிய ஜிபிஎஸ்ஸைத் தட்டினார்.
அது வேற, இது வேற அண்ணை.
உங்கட ஆக்கள் இருபதாயிரம் கிலோமீற்றருக்கு மேலே,
இது வெறும் அஞ்சூற்றைம்பது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் மோட்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில், மின்விசிறிக்குக் கீழே,
அறுபதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.
மென்பொருள் ஒவ்வொரு புள்ளியிடமும் கேட்கும்:
அறுபது தடவையில்
எத்தனை தடவை நீ இங்கே இருந்தாய்?
எல்லாத் தடவையும் இருந்தால் நட்சத்திரம்.
ஒரேயொரு தடவை வந்திருந்தால் பிழை.
நெல்லியடிக் கிளையில் பகல் முழுக்க
நானும் அதைத்தான் செய்கிறேன்:
கையெழுத்து நேற்றையதைப் போல இருக்கிறதா,
இல்லாவிட்டால் காசோலை திரும்பிப் போகும்.

இருபது நிமிடத்தில் வானம் வெளித்தது.
கோடுகள் இல்லை. ரோச் இல்லை.
கொத்து மட்டும், மணி மணியாய்.
நன்றாக வந்திருந்தது. பொய் சொல்லவில்லை,
இதுவரை எடுத்ததில் இதுதான் திறம்.

பிறகு, நித்திரை வராமல்,
கழித்துவிட்டதை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
கோடு. கோடு. வெறுமை. கோடு.
முப்பத்தேழாவதில்
கோடு மாதிரி ஒன்று, ஆனால் கோடில்லை.
செயற்கைக்கோள் முழுக்க ஒரே தடிப்பாய்ப் போகும்.
இது மெலிந்து தொடங்கி, நடுவில் வீங்கி,
பச்சையாய் ஒருமுறை வெடித்து,
ஒன்றுமில்லாமல் முடிந்திருந்தது.
எரிகல்.
நேரத்தைப் பார்த்தேன்: எட்டு இருபத்தாறு.
அந்த நிமிடம் தலையைக் குனிந்து
போனில் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருந்தேன்.
பற்றுச்சீட்டிலும் அதே நேரம்.

மென்பொருளில் குற்றமில்லை.
ஒருமுறை வந்ததை எடுக்கச் சொன்னது நான்தான்.
எத்தனை தரம் வந்தாய் என்று மட்டுமே அதற்குக் கேட்கத் தெரியும்.

சுத்தமான படத்தைப் பெரிதாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.
முப்பத்தேழை வேறாக வைத்திருக்கிறேன்,
பெயர் போடவில்லை, கமரா கொடுத்த இலக்கம்தான்.
இருபத்திரண்டையும் அழிக்கவில்லை.
அதில் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் ஓரத்தில்
பாதிச் சாரமும் ஒரு காலும் தெரிகின்றன.

நாளைக்கும் இருட்டுத்தான்.
பத்தரைக்குத் தொடங்கினால் கோடு குறையும்.
அம்மாவுக்கு என்ன சொல்வது?