சுண்டலின் இடது காது

கையெழுத்துப் போட்டது நான்தான்.
அமரில்லோவில், நெடுஞ்சாலையோர மருத்துவமனை.
ஒன்பது வாரக் குட்டி. பெயர் சுண்டல்.
அதற்குள்ளேயே பதினோரு கிலோ.
கிரேட் டேன் என்றால் காது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார் விற்றவர்.
ஒரு காதில் வாங்கினேன்,
மறு காதில் விடாமல் வைத்துக்கொண்டேன்.
தாட்சாயணியிடம் சொல்லவில்லை.
காதும் காதும் வைத்த மாதிரி
காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.
எந்தக் காதை என்று யோசிக்கவில்லை.

திரும்பி வர இரண்டு மணி நேரம்.
பருத்தி, பருத்தி, நடுவில் ஒரு காற்றாலை வரிசை,
மறுபடி பருத்தி.
தலையில் ஃபோம் கோப்பையைக் கவிழ்த்து
அதன் இருபுறமும் காதுகளை இழுத்து ஒட்டியிருந்தார்கள்,
யாரோ காப்பி குடித்துவிட்டு
வைத்து மறந்துபோன மாதிரி.
மயக்கம் தெளியாத கண்ணால் என்னைப் பார்த்து
ஒரு தடவை வாலை ஆட்டியது.
திட்டியிருந்தால் தேவலை.

கதவைத் திறந்த தாட்சாயணி
வெகுநேரம் பார்த்தாள்.
"வெட்டின மிச்சத்தை என்ன செஞ்சாங்க?"
தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

அதன்பின் அவள் என்னோடு பேசியதெல்லாம் காதைப் பற்றித்தான்.
மாத்திரை கொடுத்தாச்சா.
ஈரம் படக்கூடாது, தண்ணிக் கிண்ணத்தை மேலே வை.
பொருக்கைப் பிய்க்காதே, தானா உதிரட்டும்.
மோந்து பார். வாடை மாறினால் உடனே போன் போடு.

மோந்து பார்த்தேன்.
இரவு இரண்டு மணிக்கு, சமையலறைத் தரையில்,
கோப்பைக்கும் காதுக்கும் இடையில் மூக்கை நுழைத்து.
மருந்து, பால், கொஞ்சம் இரும்பு.
ஊருக்குப் பெயர் லபக்.
ஆறு வருடம் முன்பு எங்களை விழுங்கிய ஊர்,
இந்தக் காட்சியையும் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு.
நிலைப்படியில் இடிக்கும், அடுப்பில் இடிக்கும்,
என் முழங்காலில் இடித்துவிட்டு
நான்தான் இடித்தேன் என்பதுபோல் நிமிர்ந்து பார்க்கும்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.
ஒரு பக்கம் பதினேழு, மறுபக்கம் பதினாறு.
தைத்த ஊசிக்கும் ஒரு காது இருந்திருக்கும்.
நூல் கோக்க வேண்டுமே,
அதை யாரும் நறுக்கவில்லை.

பிறகு வாரக்கணக்கில் டேப்.
காதுக்குள் ஒரு நுரைத்தண்டு, சுற்றிலும் பஞ்சுப்பட்டை,
ஆறு நாளைக்கு ஒருமுறை அவிழ்த்து,
ஒரு நாள் காற்றாட விட்டு, மறுபடி கட்டு.
பசை முடியோடு வரும்.
தேங்காயெண்ணெய் தடவினால் நோகாமல் உரியும் என்று
கண்டுபிடித்தது அவள்.
தழும்பின் விளிம்பு சுருங்காமலிருக்க
கட்டைவிரலால் மேல்நோக்கி நீவுவது என் வேலை.
நீவ நீவ அது கண்ணை மூடி என் கையில் சாயும்.
எந்தக் கை என்று அதற்குத் தெரியாது.
மார்ச்சில் செம்மண் புயல் எழுந்த மாலை
குளியலறையில் மூவரும் அடைந்திருந்தோம்.
தன் துப்பட்டாவால் அதன் தலையை மூடினாள்.
நுனி கொஞ்சம் என் தோளிலும் விழுந்தது.
எடுக்கவில்லை அவள்.

நாலாம் மாதம் பால் பற்கள் விழுந்தன,
சோபாவுக்கடியில் அரிசி மாதிரி ஒன்று.
அதோடு இடது காதும் விழுந்தது.
பல் முளைக்கும்போது அப்படித்தான்,
மறுபடி கட்டுங்கள், எழுந்துவிடும் என்றார் மருத்துவர்.

புது டேப் உருளையை மேசையில் வைத்தேன்.
தாட்சாயணி வேண்டாம் என்று சொல்லவில்லை,
சுண்டலைப் பிடித்துக்கொள்ள வரவும் இல்லை.
அது வந்து தாடையை உருளைமேல் வைத்தது.
தாடையே இப்போது இரண்டு கிலோ இருக்கும்.
கூம்பில்லாத கழுத்து. வலது காது வானத்துக்கு,
இடது நெற்றியில் மடிந்து, கிழிந்த தபால் உறைபோல.

கத்தரிக்கோலை இழுப்பறையில் போட்டேன்.
"இனிமேல் நீ சொல்றதுல பாதிதான் அதுக்குக் கேக்கும்,"
என்றாள்,
மாத்திரையோ தையலோ இல்லாத முதல் வாக்கியம்.

இப்போதும் ராத்திரி விரல் தானாகப் போகிறது.
நீவத் தேவையில்லை.
விளிம்பு ஆறிவிட்டது, கொஞ்சம் சொரசொரப்பு.
அது குறட்டை விடுகிறது.
நான் இன்னும் கொஞ்ச நேரம் நீவுகிறேன்.