நான்காம் கட்ட மின்வெட்டு

வேனிலிருந்து இறக்கும்போது வாட்ச்மேன் கேட்டார்,
இஸ்திரி போடும் மேசையா என்று.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.
முப்பத்தேழு அலுமினியப் பட்டைகள்,
அடியில் குழாய்கள், குழாய் வாயில் தட்டுகள்,
தட்டுகளைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார்.

சாட்ஸ்வர்த் மண்டபம் நிறைந்திருந்தது.
"அடுத்து மிஸ் லோகாம்பாள் கோவெண்டர் பாடுவார்"
என்றார் அறிவிப்பாளர்.
பாடமாட்டேன்.
கைக்கு இரண்டாக நாலு கோல்,
செருப்பைக் கழற்றிய வலதுகால் மிதியில்.

காங்கோவில் ஹ்லெங்கிவே.
மூன்று மாதக் குழந்தை பின்னறையில்,
சமையற்காரப் பெண் ஒருத்தியின் மடியில்.
பால் கட்டி மார்பு கனக்க
இன்னும் எத்தனை பாட்டு என்று கண்ணால் கேட்டாள்.
இரண்டு.

எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று,
அட்டவணை சொன்னபடியே.
கீபோர்டுக்கு வாயடைத்தது.
பேஸ் கிட்டாரில் ஈ நடக்கிற சத்தம்.
அறிவிப்பாளர் மைக்கைத் தட்டினார், தட்டினார்,
அன்று அவர் வாசித்த ஒரே தாளவாத்தியம்.

என் மோட்டாரும் நின்றது.
தட்டுகள் பாதி திறந்து உறைந்தன.
இருட்டில் ஒரு பட்டையைத் தொட்டேன்.
ஒலி வளையாமல் போய்
எதிர்ச்சுவர் வரை நின்றது.

இத்தனை வருஷம்
எல்லோரும் அழகு என்ற அந்த நடுக்கம்
மோட்டாருடையது.

அடுத்த பட்டை. அதற்கடுத்தது.
ஹ்லெங்கிவே அடியில் வந்து சேர்ந்தாள்,
உள்ளங்கையால், பிறகு விரல்நுனியால்.
எங்கோ ஒரு செல்போன் வெளிச்சம்,
அப்புறம் நாற்பது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் போயிருக்கிறதாம்.
மெதுவாக வரட்டும்.

பின்னறையில் குழந்தை அழத் தொடங்கியது.
ஹ்லெங்கிவே வேகத்தைக் கூட்டினாள்.
நானும்.