பரிசீலனையில்

ஈசூன் வீட்டு வாடகைத் தாளில்
இருவர் என்று எழுதியிருக்கிறது.
ஐந்து மாதமாய் மின்கட்டணம்
ஒருத்திக்குத்தான் வருகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை,
கை கழுவியபின் ஒருமுறை
கைபேசியில் பார்ப்பேன்.
பரிசீலனையில்.
திருமணச் சான்றிதழில் உன் அப்பா பெயரில்
ஓர் எழுத்து கூடுதலாம்.
நோட்டரி முத்திரை வாங்கி மறுபடி அனுப்பினோம்.
அந்த எழுத்துக்கு இதுவரை
நூற்றெண்பது வெள்ளி.

நீயோ தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே
சிவப்புத் தடத்தின் நிலையங்களை
வரிசை மாறாமல் ஒப்பிக்கிறாய்.
"காத்திப் தாண்டினால் ஈசூன், சரியா?"
சரிதான், இளம்பரிதி.

நேற்றிரவு திரையில்
மழித்த மீசை முழுதாய் முளைத்திருந்தது.
விண்ணப்பப் படத்தில் இருப்பவர்
யாரோ ஒருவர்,
காதுகூட உன்னுடையதாயில்லை.
அவருக்கு அனுமதி வந்துவிட்டால்
நீயும் கூடவே
ஏறி வந்துவிடு.